பழைய ராணுவ ரைஃபிளின் போல்ட் இறுகினால்: பிரித்து, பார்த்து, சீராக்க ஒரு முழு வழிகாட்டி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் உரிமத்தோடு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "போல்ட் ரொம்ப இறுக்கமா ஓடுது, லேத் பட்டறையில கொடுத்து லேசா தேய்ச்சுக்கலாமா?" போல்ட் என்பது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும், கைப்பிடி வைத்த எஃகுத் தண்டு. அதைத் தேய்க்கக் கூடாது. ஏன் கூடாது, அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் பல ஆண்டுகள் உழைத்த ரைஃபிளின் போல்ட்டை சிப்பாய்களின் கைகளே ஏற்கெனவே பாலிஷ் போட்டுவிட்டன. 1914-க்கு முந்தைய பிரிட்டிஷ் பயிற்சியில் ஒரு நிமிடத்துக்கு 15 குண்டாவது குறிபார்த்துச் சுட வேண்டும். நாம் பேசப்போகும் லீ என்ஃபீல்ட் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்த இயந்திரம். அப்படிப்பட்ட போல்ட் இன்றைக்கு முரண்டு பிடிக்கிறது என்றால் எஃகு கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. அழுக்கு, துரு, காய்ந்த எண்ணெய், வேறு துப்பாக்கியிலிருந்து வந்த உதிரி என்று ஏதோ ஒன்று அதன்மேல் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நீக்கினால் போதும். எடுத்த எஃகை யாராலும் திரும்ப வைக்க முடியாது.

சட்டம் எதுவரை அனுமதிக்கிறது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு தயாரிப்புக்கும் விற்பனைக்கும் மட்டும் உரிமம் கேட்கவில்லை. மாற்றியமைக்க, பழுதுபார்க்க, சோதித்துப் பார்க்கவும் கேட்கிறது. உங்கள் கையில் உள்ளது ஆயுதம் வைத்திருப்பதற்கான உரிமம். அதை வைத்துத் துடைக்கலாம், கழற்றிச் சுத்தம் செய்யலாம், எண்ணெய் போடலாம், குறை இருக்கிறதா என்று பார்க்கலாம். எஃகைத் தேய்த்து எடுப்பது பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரரின் வேலை. அந்தப் பகுதியையும் கீழே எழுதியிருக்கிறேன். அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் செய்யவிடக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் போல்ட்டைக் கொடுக்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான்.

தாத்தா காலத்து, சுடவே முடியாத பழம்பொருள் வீட்டில் இருந்தால் அது வேறு கணக்கு. பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடப் பயன்படாத பழைய வகை ஆயுதங்களுக்கு 45-ஆவது பிரிவு விலக்கு தருகிறது. "பழுதுபார்த்தாலும்" என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பழுதுபார்த்துச் சுடும் நிலைக்குக் கொண்டுவர முடியும் என்றால் அந்த விலக்கே பொருந்தாது. அதைத் துடைத்து எண்ணெய் பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த ரைஃபிளைப் பற்றிப் பேசுகிறோம்

வட ஆற்காடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய சீமை. கணியம்பாடிக்குப் பக்கத்தில் உள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஓய்வுபெற்று வந்த பழைய ஜவான்களுக்கு த்ரீ நாட் த்ரீ என்றால் உடம்பில் ஓர் உறுப்பு மாதிரி. ஆனால் 303 தோட்டா நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. பொதுமக்கள் கையில் சாதாரணமாக இருப்பது 315. மேற்கு வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை, பழைய லீ என்ஃபீல்டின் இயந்திரத்தையே அடிப்படையாக வைத்து 315-ஐ வேட்டை ரைஃபிளாகச் செய்தது. ஆகவே 1907-இல் வந்த ஷார்ட் லீ என்ஃபீல்ட் மார்க் 3-இன் போல்ட்டைப் புரிந்துகொண்டால் 315-இன் போல்ட்டும் புரிந்துவிடும்.

இந்த போல்ட் பூட்டும் விதத்தை மனதில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் ரைஃபிளான மௌசர் 98-இல் பூட்டும் லக்குகள் (முட்டி நின்று தாங்கும் எஃகுப் புடைப்புகள்) போல்ட்டின் முன்நுனியில், தோட்டாவுக்குப் பின்னாலேயே இருக்கும். லீ என்ஃபீல்டின் போல்ட்டை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீ அவற்றைப் பின்பக்கம் வைத்தார். வலப்பக்கம் நீளமாக ஓடும் மேடான ரிப், ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகு உடற்பகுதி) தோளில் போய் முட்டும். இடப்பக்க லக் ஒரு சாய்வுப் பள்ளத்தில் திரும்பி உட்காரும். கைப்பிடியை 60 பாகை தூக்கினாலே பூட்டு திறந்துவிடும். முன்நுனியில் உள்ள போல்ட் ஹெட் தனித் துண்டு, மரையில் திருகியிருக்கும். போல்ட் திரும்பும்போது அது கூடவே திரும்பாது. நேராக முன்னும் பின்னும் மட்டும் போகும்.

சுடும்போது பின்னோக்கி வரும் விசை முழுவதும் அந்த இரண்டு லக்குகளின் பின்முகங்களில் இறங்குகிறது. இரண்டும் சமமாகத் தாங்கவேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரிசீவருக்கென்றே தேய்த்துப் பொருத்தி, இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தார்கள். கைப்பிடியின் பின்புறத்தில் உள்ள எண்ணையும் ரிசீவரின் வலப்பக்க எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. எண் வேறுபட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் உரிமம் பெற்ற நிபுணர் பார்க்கும் வரை அந்த ரைஃபிளில் தோட்டா போடாதீர்கள்.

மேசையில் உட்காருமுன்

மேகசினைக் (தோட்டாப் பெட்டி) கழற்றுங்கள். போல்ட்டைத் திறந்து சேம்பருக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறைக்குள், கண்ணால் பாருங்கள், பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

தேவையான சாமான் அதிகமில்லை. பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன், பழைய டூத் பிரஷ், பித்தளைப் பிரஷ், தையல் மிஷின் எண்ணெய், வெளுத்த பருத்தித் துணி, கொஞ்சம் பஞ்சு, ஒரு கட்டு ஈர்க்குச்சி, நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி. பட்டாளத்தில் சிந்தி என்று சொல்லும் துணித் துண்டுகளை முன்கூட்டியே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கரைக் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி) கழற்ற அதற்கென்றே உள்ள சாவி வேண்டும். அது இல்லாமல் குறடு போட்டுத் திருகப் போகாதீர்கள். சாவி இல்லையென்றால் ஸ்ட்ரைக்கரைக் கழற்றும் படிகளைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள், மற்றதை நீங்கள் பார்க்கலாம்.

போல்ட்டை வெளியே எடுப்பது எளிது. முழுவதும் பின்னுக்கு இழுத்து, போல்ட் ஹெட்டின் வலப்பக்க விளிம்பை விரலால் மேல்நோக்கித் தள்ளினால் அதைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கிலிருந்து விடுபட்டு மேலே திரும்பும். அப்புறம் நேராகப் பின்னால் உருவலாம். தள்ளாமல் தானாகவே அது மேலே தாவினால் அந்த ஸ்பிரிங் தேய்ந்திருக்கிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இடத்தில் இறுகுகிறது

உருவுவதற்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்க்க வேண்டும். "இறுக்கமா இருக்கு" என்பது மட்டும் நோயைச் சொல்லாது. தூக்கும்போதா, இழுக்கும்போதா, மூடும்போதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கு அவசரமே படாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு, கைக்கு வருவதை மட்டும் கவனித்து, மெதுவாக ஓட்டுங்கள்.

மூடும்போது கடைசி ஓர் அங்குலத்தில் மட்டும் எதிர்ப்பு வருகிறதா? லீ என்ஃபீல்டில் அது குறையே அல்ல. போல்ட்டை முன்னால் தள்ளும்போது ஸ்ட்ரைக்கரின் பின்னால் உள்ள காக்கிங் பீஸை, டிரிகரோடு வேலைசெய்யும் கொக்கியான சியர் பிடித்துக்கொள்கிறது, அதனால் மெயின் ஸ்பிரிங் அப்போதுதான் அமுங்குகிறது. அந்த ஸ்பிரிங்கின் பலத்தைத்தான் கை உணர்கிறது. மௌசர் 98-இல் இதே வேலை கைப்பிடியைத் தூக்கும்போது நடக்கும். அங்கே தூக்குவது கனமாக இருக்கும், மூடுவது லேசாக இருக்கும். இது தெரியாமல் சரியாக இருக்கும் ரைஃபிளைத் தேய்க்கக் கொடுப்பவர்கள் உண்டு.

இழுக்கும்போதும் தள்ளும்போதும் வழியெல்லாம் உரசுகிறதா? மேகசின் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். காலி மேகசினில் தோட்டாவை மேலே தள்ளும் தகடு போல்ட்டின் அடிவயிற்றை உரசும். கழற்றியதும் வழவழவென்று ஓடினால் குற்றம் போல்ட்டில் இல்லை, மேகசினில் இருக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தட்டுகிறது என்றால் அங்கே பிசிறோ துருப் புள்ளியோ இருக்கிறது. ரிசீவரின் வெளிப்புறத்தில் பென்சிலால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலி சேம்பரில் கைப்பிடியைத் தூக்கவே கனமாக இருந்தால் லக் பள்ளத்திலும், போல்ட்டின் பின்நுனியில் காக்கிங் பீஸ் ஏறி இறங்கும் சாய்வுப் பள்ளத்திலும் காய்ந்த எண்ணெய் கெட்டியாகியிருக்கும். நம் ஊரில் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தாவர எண்ணெய் காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் கெட்டு, அழுக்கோடு சேர்ந்து பசையாகக் கெட்டியாகிவிடும். என் கணக்கில், இந்தப் பக்கத்தில் இறுகிய போல்ட்டுகளுக்கு முதல் காரணம் இந்தப் பசைதான்.

காலி சேம்பரில் நன்றாக ஓடி, சுட்ட பிறகு மட்டும் தூக்க முடியாமல் பிடிக்கிறதா? அது போல்ட்டின் பிரச்சினை அல்ல. சேம்பரில் துரு, குழி, அழுக்கு, அல்லது தோட்டாவில் கோளாறு. அந்த ரைஃபிளை மறுபடி சுடாமல் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

பிரித்தல், கழுவுதல்

போல்ட் ஹெட்டைக் கையால் இடப்பக்கமாகத் திருகிக் கழற்றுங்கள். காக்கிங் பீஸின் பின்னால் ஸ்ட்ரைக்கரைப் பூட்டியிருக்கும் சிறு திருகாணியை எடுங்கள். முன்பக்கத்திலிருந்து சாவியை விட்டு ஸ்ட்ரைக்கரைத் திருகினால் காக்கிங் பீஸிலிருந்து விடுபட்டு ஸ்பிரிங்கோடு வரும். ஸ்பிரிங் அமுங்கியே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள், முகத்துக்கு நேரே வைத்துத் திருகாதீர்கள். ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் சேர்க்கும்போது உதவும்.

பாகங்களை டர்பன்டைனில் ஊறவைத்து டூத் பிரஷால் தேயுங்கள். போல்ட்டின் உட்குழாய், எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) அடி, மரைகள் இவற்றுக்கு ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றிப் பயன்படுத்துங்கள். இரும்புக் கம்பி கூடாது. ரிசீவருக்குள் லக் உட்காரும் பள்ளத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். ஈர்க்குச்சியை வளைத்து உள்ளே விட்டுப் பாருங்கள், கருப்புக் களிம்பு வெளியே வரும். பஞ்சு வெள்ளையாகத் திரும்பும் வரை விடாதீர்கள்.

பழைய ராணுவத் தோட்டாவைச் சுட்ட ரைஃபிள் என்றால் எண்ணெய் மட்டும் போதாது. அந்தக் காலத்து பிரைமரில் (தோட்டாவின் அடியில் ஊசி அடிக்கும் வெடிமருந்துக் குப்பி) இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்த பிறகு உப்பாக மாறிப் படியும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். எண்ணெய்க்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் பட்டாளத்தில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள். போல்ட் ஹெட்டையும் ஸ்ட்ரைக்கர் நுனியையும் கொதிநீரில் அலசி, சூடாக இருக்கும்போதே துடைத்து, காயவைத்து உடனே எண்ணெய் தடவுங்கள்.

பித்தளைப் பாத்திரம் துலக்குவதற்குப் போடும் புளி, எலுமிச்சை, செங்கல் பொடி எதுவும் இங்கே வேண்டாம். புளிப்பு இரும்பைத் தின்னும், செங்கல் பொடி கீறும். மேலோட்டமான துருவுக்கு எண்ணெய் விட்டுப் பித்தளைப் பிரஷ் போதும். பிடிவாதமான புள்ளிக்கு, வீட்டில் பழைய செப்புக் காலணா கிடந்தால் அதன் விளிம்பால் எண்ணெயோடு சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, துரு பெயர்ந்து வரும், எஃகில் கீறல் விழாது.

கழுவி முடித்ததும், ஸ்ட்ரைக்கர் இல்லாமல் வெறும் போல்ட்டை ரிசீவரில் விட்டு மீண்டும் ஓட்டிப் பாருங்கள். ரைஃபிளை லேசாகச் சாய்த்தால் தன் எடையிலேயே அது வழுக்கி ஓட வேண்டும். பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிடும். அப்படியானால் சீராக்கும் வேலையே தேவையில்லை, ஆனால் கீழே உள்ள சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள்.

பூதக்கண்ணாடியோடு பார்க்க வேண்டியவை

போல்ட் ஹெட்டின் முகத்தைப் பாருங்கள். நடுவில் ஸ்ட்ரைக்கர் வரும் ஓட்டை வட்டமாக, விளிம்பு தெளிவாக இருக்க வேண்டும். பிரைமர் கசிந்த வாயு அரித்திருந்தால் ஓட்டையைச் சுற்றிப் பள்ளமோ வளையமாகப் புள்ளிகளோ தெரியும். லேசான புள்ளிகள் பரவாயில்லை. ஓட்டையின் விளிம்பே அரித்துப்போயிருந்தால் போல்ட் ஹெட்டை மாற்ற வேண்டும். ஸ்ட்ரைக்கரின் நுனி அரைவட்டமாக, மழமழவென்று இருக்க வேண்டும். கூராகவோ துண்டாகவோ இருந்தால் பிரைமரைத் துளைத்துவிடும், வாயு கண்ணை நோக்கி வரும்.

போல்ட் ஹெட்டை மறுபடி திருகிப் பாருங்கள். இறுகும் இடத்தில் அதன் பக்கக் காது போல்ட்டின் ரிப்போடு ஏறத்தாழ ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி வெகுதூரம் திரும்பிப்போனால் மரையோ முட்டும் முகமோ தேய்ந்திருக்கிறது.

அடுத்து வெடிப்பு. லக் போல்ட்டோடு சேரும் மூலையில்தான் வெடிப்பு தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைப் பிடிக்க ரயில்வே பட்டறைகளில் அச்சுகளுக்குப் பயன்படுத்திய பழைய முறை ஒன்று இருக்கிறது. மண்ணெண்ணெய் கலந்த எண்ணெயில் போல்ட்டைச் சில மணி நேரம் ஊறவிடுங்கள். எடுத்து மேற்பரப்பைச் சுத்தமாகத் துடையுங்கள். சாக்பீஸை நைசாகப் பொடித்து ஸ்பிரிட்டில் குழைத்து, லக்கின் அடியில் மெல்லப் பூசி உலரவிடுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சில் மயிர்க்கோடாகத் தெரியும். கோடு தெரிந்தால் அந்த போல்ட்டின் வேலை முடிந்தது. பற்றவைப்பது, வெல்டிங் என்ற பேச்சே கூடாது.

கடைசிச் சோதனைதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: இரண்டு லக்குகளும் சமமாகத் தாங்குகின்றனவா? லக்குகளையும் ரிசீவரின் தோள்களையும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்துவிட்டு, லக்குகளின் பின்முகத்தில் பிரஷ்யன் புளூ பசையை மிக மெல்லியதாகத் தடவுங்கள். அது இல்லையென்றால் விளக்குக் கரியைத் துளி எண்ணெயில் குழைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கர் இல்லாத போல்ட்டை உள்ளே விட்டு மூடுங்கள். உதவிக்கு ஒருவர் குழல்வாய் வழியாக ஒரு மரக்கம்பியை விட்டு போல்ட் முகத்தைப் பின்னோக்கி அழுத்தட்டும். ஸ்ட்ரைக்கர் வெளியே, சேம்பர் காலி என்றாலும் அவர் பக்கவாட்டில் நின்றுதான் செய்ய வேண்டும், குழல்வாய்க்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. அழுத்திய நிலையில் கைப்பிடியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிவிட்டு, போல்ட்டை எடுத்துப் பாருங்கள். மை அழிந்து பளபளக்கும் இடம்தான் உண்மையில் தாங்கும் இடம். வலது ரிப்பிலும் இடது லக்கிலும் அந்த அடையாளம் இருந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் இருந்தால் முழு விசையும் ஒற்றைக் காலில் நிற்கிறது என்று அர்த்தம். எண் பொருந்தாத போல்ட்டுகளில் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள். அந்த ரைஃபிள் நேராக உரிமம் பெற்ற நிபுணரிடம் போகட்டும்.

சீராக்குதல்: எங்கே கல் படலாம், எங்கே படக் கூடாது

இது கடைக்காரரின் வேலை என்று முன்னமே சொன்னேன். அவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

தொடவே கூடாத இடங்கள் நான்கு. லக்குகளின் பின்முகம், அவை முட்டும் ரிசீவரின் தோள்கள், போல்ட் ஹெட்டின் முகம், காக்கிங் பீஸும் சியரும் ஒன்றையொன்று பிடிக்கும் விளிம்பு. காரணம் ஒரு கணக்கில் புரியும். 303-இல் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடைவெளி குறைந்தது 0.064 அங்குலம், அதிகபட்சம் 0.074 அங்குலம். புதிய ரைஃபிளுக்கும் ஒதுக்கித்தள்ள வேண்டிய ரைஃபிளுக்கும் நடுவில் உள்ள மொத்த வித்தியாசமே கால் மில்லிமீட்டர்தான். பல தலைமுறை சிப்பாய்கள் அந்தக் கால் மில்லிமீட்டரில் ஒரு பகுதியைச் செலவழித்திருப்பார்கள். மீதியை வால்வு தேய்க்கும் பேஸ்ட் ஒரு மத்தியானத்தில் தின்றுவிடும். இது தவிர, லக்குகளின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது. அதைத் தாண்டிப்போனால் உள்ளே மென்மையான எஃகு, வேகமாகத் தேயும்.

லாரி பட்டறைகளில் கிடைக்கும் அந்தப் பேஸ்ட்டை போல்ட் முழுக்கத் தடவி ஓட்டினால் சீராகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தேவையான இடம், தேவையில்லாத இடம் என்று பார்க்காது. துகள்கள் மரையிலும் பள்ளத்திலும் ஒளிந்துகொண்டு, நிறுத்திய பிறகும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கல் படக்கூடிய இடங்கள்: ரிப்பின் மேற்பக்கமும் வெளிப்பக்கமும், போல்ட் ஹெட்டின் காது ஓடும் தண்டவாளம், போல்ட் உடலின் அடிவயிறு, காக்கிங் பீஸ் ஏறும் சாய்வுப் பள்ளத்தின் முகம். அங்கேயும் முழுப் பரப்பையும் தேய்க்கத் தேவையில்லை. மார்க்கர் பேனாவால் அந்தப் பரப்பைக் கருப்பாக்கிவிட்டு போல்ட்டைச் சில தடவை ஓட்டினால், உரசும் புள்ளி மட்டும் வெள்ளையாகத் தெரியும். அந்தப் புள்ளியில் உள்ள பிசிறை மட்டும் நைசான எண்ணெய்க் கல்லால், போல்ட் ஓடும் திசையிலேயே, மெல்ல நாலு இழுப்பு. துடைத்து, மறுபடி கருப்பாக்கி, மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். பிசிறு போன பிறகு 1000, அப்புறம் 1500 எண் வாட்டர் பேப்பரைத் தட்டையான கட்டையில் சுற்றி, எண்ணெயோடு ஒரு தடவை. மோட்டாரில் சுழலும் பஃப் சக்கரம் கூடவே கூடாது. அது ஓரங்களை உருட்டி, பரப்பை அலை அலையாக்கிவிடும்.

டிரிகர் கனமாகவோ இழுவையாகவோ இருக்கிறது என்பதற்காக சியரில் கல் வைக்கச் சொல்லாதீர்கள். இந்த வகை ரைஃபிளில் டிரிகர், டிரிகர் கார்டில் தொங்குகிறது. சியரோ ரிசீவரில் இருக்கிறது. நடுவில் இருப்பது மரக்கட்டை. சித்திரை வெயிலில் கட்டை சுருங்கினாலும் ஐப்பசி மழையில் உப்பினாலும் டிரிகரின் இழுப்பு மாறும். அதை மரத்திலும் திருகாணியிலும் சரிசெய்ய வேண்டும். விளிம்பைத் தேய்த்தால் கீழே தட்டினாலே விடுபடும் துப்பாக்கி ஆகிவிடும்.

பழம்பொருளாக மதிப்புள்ள ரைஃபிள் என்றால் இன்னொரு எச்சரிக்கை. சுதந்திரத்துக்கு முன் இச்சாப்பூரில் செய்தவற்றின் வலப்பக்கம் கிரீடமும், பேரரசரின் எழுத்துகளும், செய்த ஆண்டும் பொறித்திருக்கும். அந்த எழுத்துகளின் மீதோ பழைய கருநீலப் பூச்சின் மீதோ எமரி படவே கூடாது. பளபளப்பாக்கிய பழைய ரைஃபிளை விவரம் தெரிந்தவர்கள் கெட்டுப்போன ரைஃபிளாகத்தான் பார்ப்பார்கள்.

கல் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மறுபடி கழுவ வேண்டும், ஒரு துகள்கூட மிஞ்சக் கூடாது. பிறகு மெல்லிய எண்ணெய் போட்டு, ஸ்ட்ரைக்கர் இல்லாத போல்ட்டை மாலை நேரங்களில் உட்கார்ந்து நிதானமாக ஓட்டிக்கொண்டே இருங்கள். கல் கொடுக்காத வழவழப்பை இந்த ஓட்டம் கொடுக்கும், எஃகும் குறையாது. லக்கிலோ போல்ட் ஹெட்டிலோ ஏதாவது மாற்றம் செய்திருந்தால், அந்தத் தோட்டாவுக்குரிய கேஜ் போட்டு இடைவெளியை அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் வாங்கி வராதீர்கள்.

சேர்த்தல்

ஸ்ட்ரைக்கரைக் காக்கிங் பீஸில் திருகும்போது அதன் பின்நுனி காக்கிங் பீஸின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். நுனியில் உள்ள அரைவட்ட வெட்டு, பூட்டுத் திருகாணியின் ஓட்டைக்கு நேரே வர வேண்டும். போல்ட் ஹெட்டைக் கையால் இறுகும் வரை திருகுங்கள். போல்ட் ரிசீவரில் நுழைய மறுத்தால் பெரும்பாலும் காக்கிங் பீஸ் தவறான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அதை இழுத்துத் திருப்பிச் சரியாக வையுங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். கடைசியாக, தோட்டா இல்லாமல் காக் செய்து சேஃப்டி பிடிக்கிறதா, போல்ட்டைப் பலமாக மூடினால் காக்கிங் பீஸ் நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் அன்றைக்கே கடைக்குப் போக வேண்டும். காலி சேம்பரில் டிரிகரைச் சும்மா சும்மா அழுத்தாதீர்கள், போலித் தோட்டா வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும் இடம்

நம் பகுதிக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று சுற்றிலும் தோல் பதனிடும் ஊர்கள். நல்ல தோல் உறை சுலபமாகக் கிடைக்கும். அழகாக இருக்கிறதே என்று ரைஃபிளை ஆண்டுக்கணக்கில் அதற்குள் வைத்துவிடுவார்கள். பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்து கருப்புக் கறையாகும். தோலில் மிச்சமிருக்கும் உப்பும் ஈரமும் துருவை வளர்க்கும். தோல் உறை எடுத்துச் செல்வதற்கு மட்டும்தான். வீட்டில் இரும்புப் பெட்டியில், சுவரைத் தொடாமல், உலர்ந்த சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். போல்ட்டைக் கழற்றி வேறு பூட்டில் வைப்பது பாதுகாப்புக்கும் நல்லது. ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வாரத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடையுங்கள். விரல் ரேகையில் உள்ள வியர்வை உப்பே போதும், மறுநாள் ரேகை துருவாகத் தெரியும்.

தேர்தல் அறிவித்ததும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்வார்கள். அது எவ்வளவு நாள் வெளியே இருக்கும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட முடியாது. 2019-இல் வேலூர் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரலில் ரத்தாகி ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் நடந்தது. எனவே ஒப்படைக்கும் முன்னால் மெல்லிய எண்ணெய் போதாது. போல்ட் முகம், லக்குகள், ரிசீவரின் உட்பக்கம் எல்லாவற்றிலும் கிரீஸை நன்றாகப் பூசுங்கள். ரசீதில் ரைஃபிள் எண்ணோடு போல்ட்டின் எண்ணையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே, கையெழுத்துப் போடுவதற்கு முன், இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கிரீஸை முழுவதும் துடைத்து எடுங்கள், குறிப்பாகச் சேம்பரிலும் போல்ட் முகத்திலும். அங்கே கிரீஸோ எண்ணெயோ இருக்கும்போது சுட்டால் தோட்டா சேம்பர் சுவரைப் பற்றாமல் வழுக்கி, லக்குகளின் மேல் இறங்கும் விசை கூடிவிடும்.